சாரமா, தூணா?

(முன்னாள் மாணவர் சங்கமம் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா. வெளிநாட்டு அனுபவம், வேலைவாய்ப்பு, அந்த மாதிரி ஏதாவது சொல்லு" என்றார். சரிண்ணே என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதைப் பேசப் போவதில்லை, மன்னிக்கணும். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் ஒரு பையனைப் பற்றிப் பேசப் போகிறேன். அவனை வேலையை விட்டு அனுப்பியவன் நான். அனுப்பியது தப்பு என்று எனக்குப் புரிய மூன்று வருஷமும் இன்னொரு கண்டமும் தேவைப்பட்டன.

அவன் பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். ஆனால் அவனைக் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். "சொல்லுங்கண்ணே, தட்டைப் பத்தி மறக்காம சொல்லுங்க" என்றான். அது என்ன தட்டு என்று பிறகு சொல்கிறேன்.

"தலையில என்னடா இருக்கு?"

2012-ல் இந்தக் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தேன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. நம் மாவட்டங்களில் சிமெண்ட் ஆலையைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் பஸ்ஸில் ஊர்ந்து போனவர்கள்தானே நாமெல்லாம்.

2017-ல் ஒப்பந்தக்காரர் மூலமாக ஒரு பையன் உதவியாளாக வந்தான். பத்தொன்பது வயசு. நல்ல உடம்பு, சிரித்த முகம், கலகலவென்று பேச்சு. பேச்சைக் கேட்டால் கெட்டிக்காரன் என்று தோன்றும். வேலையில்தான் தகராறு. "ரெண்டாம் நம்பர் கன்வேயர் பேரிங்குக்கு கிரீஸ் அடி. முடிஞ்சதும் மூடியை மாட்டு. அப்புறம் ஸ்டோருக்குப் போய் பில்டர் வாங்கிட்டு வா" என்று சொன்னால், "சரிங்க சார்" என்பான். நேராக ஸ்டோருக்குப் போவான். நேற்று சரியாகச் செய்ததை இன்று புதுசாகப் பார்ப்பான். இரண்டு நாள் கழித்து மறுபடி சரியாகச் செய்வான். அதுதான் எனக்கு அதிகமாகக் கோபம் வரவழைத்தது. தெரியாதவன் என்றால் சொல்லிக்கொடுக்கலாம். தெரிந்தும் செய்யாதவனை என்ன செய்வது?

ஒருநாள் கன்வேயரின் பாதுகாப்பு மூடியை மாட்டாமலே வந்துவிட்டான். பெல்ட் ஓட ஆரம்பித்த பிறகுதான் எங்கள் ஃபிட்டர் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு துண்டோ சட்டை நுனியோ மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே இருக்கும் மெக்கானிக்கல்காரர்களுக்குத் தெரியும். "ஏன்டா மாட்டல?" என்று கேட்டேன். "மாட்டிட்டேன் சார்" என்றான், என் முகத்தைப் பார்த்தே. பச்சைப் பொய் என்று நினைத்தேன். "தலையில என்னடா இருக்கு, களிமண்ணா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவன் சிரித்தான். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். நாளையிலிருந்து இவன் வேண்டாம் என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கேட்டில் ஒரு வயசான அம்மா நின்றார். அவனுடைய அம்மாயி. பெற்ற தாய் இல்லை. முந்திரிக்காட்டில் கூலி வேலை செய்து அவனை வளர்த்தவர். "சாமி, அவன் சொன்னதைக் கேப்பான். ஒண்ணொண்ணாச் சொல்லணும், பக்கத்துல நின்னு சொல்லணும். மொத்தமாச் சொன்னா அவனுக்கு நிக்காது சாமி" என்றார். ஷட்டவுன் நேரம். "பாட்டி, இது பால்வாடி இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு நான் புத்தகங்களிலும் கூட்டங்களிலும் தெரிந்துகொண்டதன் சாராம்சத்தை அந்த அம்மா அன்று கேட்டிலேயே சொல்லிவிட்டார். எனக்குத்தான் காதில் விழவில்லை.

கண்ணாடியைக் கழற்றுவீர்களா?

2018-ல் எனக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. ஆல்பர்ட்டா மாகாணம், எட்மண்டன் நகரம். அங்கே என்னுடன் வேலை பார்த்த ஒரு அம்மையார், தாய் தகப்பனுடன் இருக்க முடியாத ஒரு சிறுவனை வீட்டில் வைத்து வளர்த்து வந்தார். பதினாலு வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வாசல் கதவின் உள்பக்கம் வரிசையாகப் படங்கள் ஒட்டியிருந்தன: பை, கோட்டு, கையுறை, பஸ் அட்டை. பையன் வெளியே கிளம்பும்போது ஒவ்வொரு படத்தையும் தொட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டான்.

"எவ்வளவு நாளாக இப்படி?" என்று கேட்டேன். "இரண்டு வருஷம்" என்றார். "இப்போதுதான் பழகிவிட்டதே, எடுத்துவிடலாமே?" என்றேன். அவர் என் மூக்குக் கண்ணாடியைக் காட்டி, "நீ இதைப் போட்டு எத்தனை வருஷம்? நன்றாகத் தெரிகிறதே, கழற்றிவிடலாமே?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்தப் பையனுக்கு இருந்த குறைபாட்டின் பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன். ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸ்ஆர்டர். சுருக்கமாக எஃப்.ஏ.எஸ்.டி. கருவில் இருக்கும்போது தாய் குடித்த மதுவால் குழந்தையின் மூளைக்கு ஏற்படும் நிரந்தரப் பாதிப்பு.

நம்மைப் போன்றவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். தாயின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு குழந்தையின் ரத்தத்துக்கும் போய்விடும். அதை உடைத்து வெளியேற்றும் அளவுக்குக் கருவின் ஈரல் வளர்ந்திருக்காது. மூளையோ ஒன்பது மாதமும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. திட்டமிடுவது, அவசரப்படாமல் நிற்பது, ஒரு அனுபவத்திலிருந்து அடுத்ததற்குப் பாடம் எடுத்துக்கொள்வது, இவற்றைப் பார்த்துக்கொள்ளும் பகுதிகளிலும், நினைவைப் பதிக்கும் பகுதியிலும், மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றையிலும் சேதம் காணப்படுகிறது. சிலருக்கு முகத்தில் அடையாளம் இருக்கும்: சிறிய கண்கள், மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளம் இல்லாமை. பெரும்பாலோருக்கு எந்த அடையாளமும் இருக்காது. பார்வைக்கு நம்மைப் போலவே இருப்பார்கள். அதுதான் அவர்களுடைய கஷ்டமே.

பேச்சு சரளமாக வரும், ஆனால் கேட்டதைப் புரிந்துகொள்வது அதற்கு ஈடாக இருக்காது. நேற்று தெரிந்தது இன்று கைக்கு எட்டாது, நாளை மறுபடி எட்டும். நினைவில் ஓட்டை விழுந்த இடத்தை மூளையே ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்பிவிடும். அதைச் சொல்பவனுக்கு அது பொய் அல்ல. அவன் அதை நம்பித்தான் சொல்கிறான்.

"மாட்டிட்டேன் சார்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

யார் கண்டது, எவ்வளவு பேர்?

1968-ல் பிரான்ஸ் நாட்டு நாந்த் நகரத்துக் குழந்தை மருத்துவர் பால் லெமுவான், குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைக் கவனித்து எழுதினார். அப்போது அதை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1973-ல் அமெரிக்காவில் சியாட்டிலைச் சேர்ந்த கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் இருவரும் லான்செட் இதழில் எழுதி இதற்குப் பெயர் வைத்தார்கள். அதே சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்குத் என்ற உளவியலாளர் இப்படிப் பிறந்தவர்கள் வளர்ந்த பிறகு என்ன ஆகிறார்கள் என்று பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். 415 பேரைப் பற்றி 1996-ல் அவர் குழு அளித்த அறிக்கை முக்கியமானது. பள்ளியை விட்டு விலகுவது, போலீஸ் வம்பில் மாட்டுவது, வேலையில் நிலைக்காமல் போவது எல்லாம் இவர்களிடம் மிக அதிகம். ஆனால் நிலையான வீடும், சின்ன வயசிலேயே குறை கண்டறியப்பட்டதும் வாய்த்தவர்களுக்கு இந்தத் துன்பங்கள் குறைவு.

அதாவது மூளையில் விழுந்த அடியை மாற்ற முடியாது. அதன்மேல் வந்து விழும் இரண்டாவது அடியைத் தடுக்க முடியும். அங்கேதான் ஆசிரியரும் வழிகாட்டியும் வருகிறார்கள்.

2017-ல் வெளியான ஒரு உலக மதிப்பீட்டின்படி ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய எட்டுப் பேருக்கு இந்தப் பாதிப்பு இருக்கலாம். நாட்டுக்கு நாடு இது பெரிதும் மாறும். மிக அதிகம் தென்னாப்பிரிக்காவில். அங்கே திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. குடித்த தாயைக் குற்றம் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூலி ஞாபகத்துக்கு வரும்.

"நம்ம ஊரில் பொம்பளைங்க குடிக்கிறதில்லையே" என்று இங்கே சிலர் நினைப்பீர்கள். தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்குச் சற்றே கூடுதலாக ஒருவர் மது அருந்துவதாகச் சொல்கிறது. ஆண்களில் பத்தொன்பது பேர். பெண்கள் எண்ணிக்கை சின்னதுதான், பூஜ்யம் அல்ல. வீட்டு வாசலில் வந்து கேட்பவரிடம் எத்தனை பெண்கள் உண்மையைச் சொல்வார்கள் என்பதையும் யோசியுங்கள். 2024 ஜூனில் நமக்குப் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

அம்மாயி சொன்னது

2021-ல் ஊர் திரும்பியதும் அவனைத் தேடிப் போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். இடையில் மூன்று நாலு வேலை, எதிலும் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் "சார், நல்லாருக்கீங்களா?" என்று ஓடி வந்தான். நான் திட்டியது அவனுக்கு நினைவில் இல்லையா, நினைவிருந்தும் பொருட்படுத்தவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் எதையும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று எட்மண்டன் அம்மையார் சொல்லியிருந்தார். நாலாவது தடவை போனபோது அம்மாயியே சொன்னார். "எம் பொண்ணு கல்லு ஒடைக்கப் போவும் தம்பி. சாயங்காலமானா ஒடம்பு வலின்னு புருசங்காரன் வாங்கியாந்ததுல அதுவும் கொஞ்சம் ஊத்திக்கும். வயித்துல புள்ள இருக்கறது நாலு மாசம் அதுக்கே தெரியாது. தெரிஞ்ச பொறவும் வேணாம்னு சொல்ல ஆளில்ல." பாட்டிலை வாங்கி வந்தது யார், கல் உடைக்க அனுப்பியது யார், கர்ப்பிணி என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டது யார் என்று வரிசையாகக் கேட்டால் அந்தப் பெண் கடைசியில்தான் வருவாள்.

மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் நேர்மையாகப் பேசினார். தாய் இல்லாத நிலையில், பாட்டி சொல்வதை மட்டும் வைத்து, இருபத்துமூன்று வயசில் இதுதான் என்று உறுதியாக எழுத முடியாது என்றார். இன்னொன்றும் உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அறிவுசார் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது. எஃப்.ஏ.எஸ்.டி. தனி வகையாக இல்லை. இப்படிப்பட்டவர்களில் பலருக்கு ஐ.க்யூ. 70-க்கு மேலேயே இருக்கும். நம் பையனும் எல்லைக்கோட்டில் நின்றான். சான்றிதழ் கிடைக்கவில்லை.

ஆகவே அவனுக்கு இருப்பது அதுதான் என்று இந்த மேடையில் நான் சாதிக்கவில்லை. ஆனால் "பேர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம், அந்தக் குறை இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடத்துங்கள். யாருக்கும் கெடுதல் இல்லை" என்றார் மருத்துவர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டோம்.

டீச்சர், மேஸ்திரி, தட்டு

எப்படி நடத்துவது? அதற்கு ஒரு டீச்சர் கிடைத்தார். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர். நம் இரண்டு மாவட்டங்களிலும், வேப்பந்தட்டை, வேப்பூர், செந்துறை, ஆண்டிமடம் என்று எல்லா வட்டாரங்களிலும் இப்படிப்பட்டவர்கள் வேலை பார்க்கிறார்கள். பள்ளி பள்ளியாகப் போவார்கள், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீடு தேடியும் போவார்கள். பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் ஓடியவர்கள். நம் பையன் ஆறாவது படித்தபோது அவனுக்குக் கொஞ்ச நாள் சொல்லிக்கொடுத்தவர் இந்த டீச்சர். பத்து வருஷத்துக்கும் மேல் கழித்து அவன் பெயரைச் சொன்னதும், "அவனா? பாட்டா பாடிச் சொன்னா வாய்ப்பாடு வரும் சார், எழுதிப் போட்டா வராது" என்றார்.

டெப் எவென்சன், ஜேன் லுட்கே என்ற இரு பெண்மணிகள் 1997-ல் இத்தகைய மாணவர்களுக்காக எட்டு வழிமுறைகளைத் தொகுத்தார்கள். கனடாவில் அதைப் படித்திருந்தேன். டீச்சரிடம் சொன்னபோது, "இதைத்தானே நாங்க செய்யறோம்" என்றார். அவர் பாணியிலேயே சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சொல்லு. "ஒழுங்கா இரு" என்றால் அவனுக்குப் புரியாது, "நாற்காலியில உக்காரு" என்றால் புரியும். எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லு, ஆளுக்கொரு விதமாகச் சொல்லாதே. சலிக்காமல் திரும்பச் சொல்லு. தினமும் ஒரே வரிசையில் வேலை கொடு. சுருக்கமாகச் சொல்லு. "அப்புறம் பண்ணு" என்று சொல்லாதே, "டீ குடிச்சதும் பண்ணு" என்று சொல்லு. பொருளுக்கெல்லாம் இடம் வை. கடைசியாக, ஒரு கண் அவன்மேல் வை.

என் வகுப்புத் தோழன் ஒருவன் பெரம்பலூரில் பட்டறை வைத்திருக்கிறான். மக்காச்சோளக் கதிரடிக்கும் இயந்திரம் செய்கிறான். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான், பெயர் சொன்னால் உதைப்பான். அவன் இடம் கொடுத்தான். அங்கே ஒரு வயசான மேஸ்திரி. அவர்தான் வழிகாட்டி. படிப்பு எட்டாவது. டீச்சர் இரண்டு தடவை வந்து சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டார்.

பையனுக்குக் கொடுத்த வேலை, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உரிய போல்ட், நட்டு, வாஷரை எண்ணிப் பையில் போடுவது. எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. நாங்கள் ஒரு மரப்பலகை எடுத்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதனதன் அளவில் குழி வெட்டிக் கொடுத்தோம். பத்து எம்.எம். போல்ட்டுக்குச் சிவப்புக் குழி, எட்டு எம்.எம்.முக்கு நீலக் குழி. எல்லாக் குழியும் நிறைந்தால் பையில் கொட்டு. காலியாகத் தெரிந்தால் பார். எண்ணவே வேண்டாம். அவன் சொன்ன தட்டு இதுதான்.

இதற்குப் பெயர் நமக்குத் தெரியும். போகா-யோக்கே. தொழிற்சாலைப் பொறியியல் பாடத்தில் இரண்டு மார்க் கேள்வி. ஆனால் ஒரு விஷயத்தை நம் புத்தகம் சொல்லவில்லை. ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ முதலில் இதற்கு வைத்த பெயர் பாகா-யோக்கே. முட்டாள் தடுப்பு என்று அர்த்தம். ஒரு கார் பாகத் தொழிற்சாலையில் அந்தப் பெயரைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, "நான் என்ன முட்டாளா?" என்று அழுதுவிட்டார். அதன் பிறகுதான் ஷிங்கோ பெயரை மாற்றினார். போகா என்றால் கவனப் பிசகு. தப்பு யாருக்கும் வரும், வராதபடி ஏற்பாடு செய்வது இஞ்சினியரின் வேலை. கன்வேயர் மூடி மாட்டாமல் பெல்ட் ஓடாதபடி ஒரு இன்டர்லாக் வைத்திருக்க வேண்டியவன் நான். வைக்காமல், பையன் தலையில் களிமண் என்றேன்.

தட்டை எடுத்த கதை

ஏழு மாதம் நன்றாக ஓடியது. ஒரு தப்புக்கூட இல்லை. தை மாத அறுவடை, ஆர்டர் குவிந்தது. தட்டில் அடுக்கினால் நேரம் ஆகிறது என்று தோழன் சொன்னான். "இப்பத்தான் அவனுக்குப் பழகிடுச்சே" என்றேன். கவனியுங்கள், கண்ணாடிக் கதையைக் கேட்டுச் சிரித்த அதே ஆள்தான் சொல்கிறேன். மேஸ்திரி வேண்டாம் என்றார். நாங்கள் இரண்டு பி.இ. பட்டதாரிகள் சேர்ந்து தட்டைப் பரண்மேல் போட்டோம்.

ஒரே வாரத்தில் மூன்று இயந்திரங்கள் போல்ட் குறைந்து போயின. களத்தில் நின்ற விவசாயி போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார். பட்டறையில் யாரோ பையனைத் திட்டினார்கள். அன்று சம்பள நாள். காசோடு போனவன் வீடு போய்ச் சேரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு அம்மாயி போன் பண்ணி அழுதார். நாலு நாள் தேடினோம். அரியலூர் ரயிலடியில் கண்டுபிடித்தோம். யாரோ இரண்டு பேர் "வாடா தம்பி" என்று கூப்பிட்டார்களாம், போயிருக்கிறான். காசு இல்லை, போன் இல்லை. அவர்கள் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துமிருந்தான். யார் என்ன சொன்னாலும் ஆமாம் என்று போகும் மனசு. ஒரு திருட்டுக் கேஸில் அவன் கையெழுத்தை வாங்கியிருந்தாலும் போட்டிருப்பான்.

டீச்சரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. "சார், நீங்க இதைச் சாரம்னு நெனச்சுட்டீங்க. கட்டடம் எழும்பினா சாரத்தைப் பிரிச்சுடலாம். இவனுக்கு இது தூண். தூண் இருக்கறதாலதான் கூரை நிக்குது. கூரை நல்லா நிக்குதேன்னு தூணை எடுப்பாங்களா?" என்றார்.

இதைச் சொல்லத்தான் நான் இன்று வந்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு உதவி செய்பவர்கள் எல்லா ஊரிலும் செய்கிற தப்பு இது. உதவி கிடைக்கும், பையன் தேறுவான். தேறிவிட்டான் என்று உதவியை எடுப்பார்கள். பையன் விழுவான். விழுந்ததும் பழி பையன்மேல். சக்கர நாற்காலிக்காரருக்குச் சாய்தளம் கட்டிவிட்டு, ஒரு வருஷம் நன்றாக ஏறினார் என்று யாராவது அதை இடிப்பார்களா?

தட்டைப் பரணிலிருந்து இறக்கினோம். இன்னொரு தட்டும் செய்தோம், வேகம் சரியாகிவிட்டது. சம்பளத்தை வாரம் ஒருமுறை, அவனும் அம்மாயியும் சேர்ந்திருக்கும்போது கொடுக்கிறோம். அவனைக் கேட்டு, அவன் ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. சாயங்காலம் மேஸ்திரி பஸ் ஏற்றிவிடுகிறார். இதுவரை வண்டி ஓடுகிறது. நடுவில் இரண்டு தடவை சிக்கல் வந்தது, இனியும் வரும்.

உங்களிடம் கேட்பது

முதலில் தம்பி தங்கைகளுக்கு. கர்ப்ப காலத்தில் இவ்வளவு குடிக்கலாம் என்று பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை. ஒயினானாலும், பீரானாலும், கள்ளானாலும், பிராந்தியானாலும் சரி. இதைத் தங்கைகளுக்கு மட்டும் சொல்லவில்லை. நாளைக்குக் கணவனாகப் போகிற தம்பிகளே, வீட்டுக்குப் பாட்டில் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. ஏற்கனவே குடிப்பழக்கத்தில் இருக்கும் கர்ப்பிணியைக் கண்டால் திட்டாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் குழந்தைக்கு நன்மைதான். சியாட்டிலில் 1991 முதல் நடக்கும் ஒரு திட்டத்தில், இப்படிப்பட்ட தாய்மாருக்கு ஒரு வழிகாட்டிப் பெண் மூன்று வருஷம் கூடவே நடக்கிறார். தாய்க்கும் தூண் வேண்டியிருக்கிறது.

அடுத்து, பொதுத்தேர்வில் சொல்வதை எழுதித் தரும் ஆள் தேவைப்படும் மாணவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். என்.எஸ்.எஸ். மாணவர்கள் அருகிலுள்ள வட்டார வள மையத்துக்குப் போய்ச் சிறப்புப் பயிற்றுநரிடம் என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். இப்படித் தட்டுச் செய்து தரக்கூட ஆள் இல்லாமல் இருக்கிறார்கள். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மதியம் போதும்.

ஊரில் சின்னக் குழந்தை பேச, நடக்க, கற்கத் தாமதமானால், 2013-லிருந்து நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும்போது காட்டச் சொல்லுங்கள். மேல் சிகிச்சைக்கு மாவட்ட அளவில் அனுப்புவது அவர்கள் பொறுப்பு. அரியலூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. "வளர்ந்தா சரியாயிடும்" என்று ஐந்து வருஷத்தை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, தொழில் நடத்தும் என் நண்பர்களுக்கு. ஒரே ஒரு ஆளை எடுங்கள். சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பக்கத்தில் நிற்க ஒரு மேஸ்திரி இருக்கிறாரா என்று பாருங்கள். அந்த மேஸ்திரிக்கும் அதற்காக ஒரு தொகை கொடுங்கள். எங்கள் மேஸ்திரிக்கு வயசாகிவிட்டது. திருச்சியில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். அவர் போவதற்குள் இன்னொருவரைத் தயார் செய்தாக வேண்டும், அவரையும் பையனுக்குப் பழக்க வேண்டும். அந்த ஆள் இன்னும் கிடைக்கவில்லை. பெரம்பலூரில் தங்கி வேலை பார்க்கத் தயாராக இருக்கும் பொறுமைசாலி யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடமோ தோழனிடமோ சொல்லுங்கள். இதற்காகவேதான் நான் இன்று மேடை ஏறினேன் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

பட்டறை திறந்ததும் அவன் தினமும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, தட்டு இருக்கா?" மேஸ்திரி தினமும் சொல்கிற பதில், "இருக்குடா, எங்க போவப் போவுது." முன்பெல்லாம் அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது அவன் கேட்பதற்கு முன்னாலேயே பரணை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.